வெங்காயம், வண்டு, தேவாங்கு, கொசு: எல்லார் கையிலும் ஒரே கத்தரி

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு போன் காலில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

போன கார்த்திகையில், ராத்திரி பத்து மணிக்கு மேல என் தாய்மாமா கூப்பிட்டார். அவர் திண்டுக்கல்லில் இருந்து ஒட்டன்சத்திரம் போகிற ரோட்டில், ரெட்டியார்சத்திரம் பக்கம் விவசாயம் பண்றவர். செம்மண் பூமி, கிணத்துப் பாசனம். ஒன்றரை ஏக்கரில் சின்ன வெங்காயம் போட்டிருந்தார். அந்த விதை வெங்காயம் வாங்க அத்தையோட வளையல் அடகுக்குப் போயிருந்தது. அது எனக்கு அப்போ தெரியாது, பின்னாடிதான் தெரிஞ்சது.

"மாப்ள, நீ சயின்ஸ் படிச்சவன்தானே. இந்தப் பாக்கெட்டுக்குள்ள என்னதான்டா இருக்கு? உசுரு இருக்குன்னு சொல்லிக் குடுத்தாங்க. போட்டு எட்டு நாளாச்சு. அழுகுறது நிக்கலையே."

போட்டோ அனுப்பச் சொன்னேன். முதல் படத்தில் வெங்காயச் செடி. தாள் நுனியில் இருந்து மஞ்சளா காய்ஞ்சு இறங்கியிருந்தது. பிடுங்கிக் காட்டியதில் வேர் அழுகி, அடிப்பக்கம் வெள்ளையா பஞ்சு மாதிரி பூஞ்சை. ரெண்டாவது படம் அந்தப் பாக்கெட். டிரைக்கோடெர்மா விரிடி. மண்ணில் வாழுற ஒரு பூஞ்சையை வளர்த்து, டால்க் பவுடரில் கலந்து விக்கிறது. சென்னையில், பெங்களூரில் மாடித் தோட்டம் வச்சிருக்கிற நிறைய பேர் ஆன்லைனில் இதே பாக்கெட்டை வாங்கியிருப்பீங்க.

மாமா கேட்ட கேள்விக்கு அன்னைக்கு ராத்திரி என்னால ஒழுங்கா பதில் சொல்ல முடியல. "அது நல்ல பூஞ்சை மாமா, கெட்ட பூஞ்சையைச் சாப்பிடும்"னு சொன்னேன். "அப்ப ஏன் சாப்பிடல?"ன்னு கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின்னாடி ஓடினதுதான் இன்னைக்கு எபிசோடு.

முதல்ல ஒரு பொருளைத் தெரிஞ்சுக்கணும். அது பேர் கைட்டின்.

உங்க வீட்டுக் கரப்பான்பூச்சியோட ஓடு, நண்டு ஓடு, இறால் தோல், கொசுவோட உடம்பு, பிரியாணியில் போடுற காளானோட செல் சுவர், மாமா வெங்காயத்தை அழிச்ச அந்தப் பூஞ்சையோட சுவர், எல்லாத்திலயும் இருக்கிற பொருள் கைட்டின். உயிர்கள் தயாரிக்கிற நீளமான சர்க்கரைச் சங்கிலிகளில் செல்லுலோஸுக்கு அடுத்தபடியா உலகத்தில் அதிகமா கிடைக்கிறது இதுதான்னு சொல்வாங்க. செல்லுலோஸ் மாதிரியே இதுவும் வரிசையா கோத்த சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் நைட்ரஜன் ஒட்டிய ஒரு சர்க்கரை. அந்தச் சங்கிலிகள் பக்கத்துப் பக்கத்தில் நெருக்கமா படுத்து ஒண்ணோட ஒண்ணு இறுகிப் பிடிச்சுக்கும். தண்ணியில் கரையாது. சுலபத்தில் உடையாது.

1811-இல் பிரான்ஸில் ஆன்றி பிராக்கோனோ காளானில் இருந்து இதைப் பிரிச்சு எடுத்தார். 1823-இல் ஓகுஸ்த் ஓதியே வண்டுகளோட ஓட்டில் இதைப் பார்த்துப் பேர் வச்சார். கிரேக்கத்தில் உடம்புக்குப் போடுற அங்கின்னு பொருள் வர்ற சொல்லில் இருந்து வந்த பேர். அதாவது சட்டை. நம்ம ஊர்ல பூச்சியும் பாம்பும் தோல் மாத்துறதை சட்டை உரிக்குதுன்னுதானே சொல்றோம்? பாம்புச் சட்டை வேற பொருள், அது நம்ம நகத்தில் இருக்கிற கெரட்டின். ஆனா பூச்சிக்கு அது ரொம்பப் பொருத்தமான பேர்.

இவ்வளவு கெட்டியான பொருள் கோடிக்கணக்கான வருஷமா உலகம் முழுக்க உதிர்ந்துக்கிட்டே இருக்கு. கடல்ல மிதக்கிற கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்கள் சட்டை மாத்தி மாத்தி உதிர்க்கிறது அடியில் பனி மாதிரி இறங்குது. ஆனா கடலடியில் கைட்டின் மலை எதுவும் குவியல. ஏன்னா அதை வெட்டுறதுக்கு ஒரு கத்தரி இருக்கு. அந்தக் கத்தரிதான் கைட்டினேஸ். கைட்டினை உடைக்கிற நொதி.

இது எப்படி வெட்டுதுன்னு சொல்ல, நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் கட்டித் தர்ற மல்லிகைச் சரத்தை நினைச்சுக்கோங்க. சில கைட்டினேஸ் சரத்தை நடுவில் எங்க வேணும்னாலும் வெட்டும். சிலது நுனியில் இருந்து ரெண்டு ரெண்டு பூவா எடுத்துக்கிட்டே வரும். கடைசியில் வேற ஒரு நொதி வந்து அந்த ரெண்டையும் ஒத்தையா பிரிக்கும். ஒத்தைச் சர்க்கரையா ஆனதும் யார் வேணும்னாலும் சாப்பிடலாம்.

நொதிக்கும் அது வேலை செய்யுற பொருளுக்கும் வடிவம் பொருந்தணும். இதை 1894-இல் எமில் ஃபிஷர்னு ஒரு ஜெர்மானிய வேதியியலாளர் பூட்டும் சாவியும் மாதிரின்னு சொன்னார். திண்டுக்கல்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கின பூட்டு எங்களது. ஒரு பூட்டோட சாவி இன்னொண்ணுக்குச் சேராதுங்கிறதுதான் எங்க ஊர்ப் பெருமையே. கைட்டினேஸும் அப்படித்தான். பக்கத்தில் செல்லுலோஸ் சங்கிலி கிடந்தாலும் அதுக்குக் கைட்டின்தான் வேணும்.

சரி, இந்தக் கத்தரி யார் யார் கையில் இருக்கு?

முதல் ஆள், கைட்டின் சட்டை போட்டிருக்கிற பூச்சியே. பூச்சிக்கு எலும்பு வெளியில இருக்கு. உடம்பு வளரும், ஓடு வளராது. அதனால பழைய ஓட்டைக் கழட்டியே ஆகணும். முதல்ல பழைய ஓட்டுக்கு அடியில் ஒரு இடைவெளி உண்டாகும். அதில் ஒரு திரவம் சுரக்கும். அதுக்குள்ள கைட்டினேஸ் இருக்கும். பழைய சட்டையோட உள்பக்கம் கரைஞ்சு, அந்தச் சர்க்கரை திரும்ப உடம்புக்கே போகும். மிச்சம் இருக்கிற மெல்லிய தோலைக் கிழிச்சுக்கிட்டு பூச்சி வெளியே வரும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கு, கவனிச்சீங்களா? பழைய சட்டை கரையுற அதே நேரம், அதுக்குக் கீழேயே புதுச் சட்டை தயாராகிக்கிட்டு இருக்கு. ரெண்டும் கைட்டின்தான். கத்தரிக்குப் பழசு எது, புதுசு எதுன்னு எப்படித் தெரியும்?

இதுக்குப் பதில் கண்டுபிடிக்கிறதில் பெரிய பங்கு, அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேலை செய்த சுப்பரத்தினம் முத்துக்கிருஷ்ணனோட குழுவுக்கு உண்டு. அவங்க எடுத்துக்கிட்டது நம்ம சமையலறைப் பூச்சி. ரவையிலும் மைதாவிலும் ஊருமே, அந்தச் சின்னச் சிவப்பு வண்டு. அதுக்கு ஒரே ஒரு கைட்டினேஸ் இல்ல, பல இருக்கு. அதில் குறிப்பிட்ட ஒண்ணோட ஜீனை அணைச்சா, வண்டு பழைய சட்டைக்குள்ளயே மாட்டிக்கிட்டுச் செத்துடுது. 2011-இல் இன்னொண்ணையும் காட்டினாங்க. புதுச் சட்டையில் இருக்கிற கைட்டினை ஒரு புரதம் காவல் காக்குது. அந்தப் புரதம் இல்லேன்னா, வண்டோட சொந்தக் கத்தரியே அதோட புதுச் சட்டையையும் வெட்டிடும்.

அதாவது கத்தரி இருந்தா மட்டும் போதாது. எப்போ, எங்க, எதுக்கு முன்னாடிங்கிறது சரியா இருக்கணும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, மாமா தோட்டத்துக்குத் திரும்பிப் போகும்போது வேணும்.

ரெண்டாவது ஆள்தான் எனக்கு ரொம்ப ஆச்சரியம். செடி.

செடி உடம்பில் கைட்டினே கிடையாது. அதோட சுவர் செல்லுலோஸ். ஆனா அநேகமா எல்லாச் செடியும் கைட்டினேஸ் தயாரிக்குது. வீட்டில் இல்லாத பூட்டுக்கு எதுக்குச் சாவி? திருடன் வீட்டுப் பூட்டைத் திறக்கத்தான். பூஞ்சை உள்ளே நுழைய வரும்போது செடி அதோட சுவரை வெட்டுது. வெட்டி விழுற துண்டுகளே அடுத்த எச்சரிக்கை மணி. அந்தத் துண்டுகளை அடையாளம் கண்டுபிடிக்கிற உணர்விகள் செடியோட செல்லுக்கு வெளியே இருக்கு. துண்டு வந்து ஒட்டினதும் உள்ளே மொத்தப் பாதுகாப்பும் முழிச்சுக்கும்.

இந்த ஆராய்ச்சியில் புகையிலைக்குத் தனி இடம் உண்டு. திண்டுக்கல் சுருட்டுன்னு ஒரு காலத்தில் உலகம் முழுக்கப் பேர். அந்தப் புகையிலைக்காகவே வேடசந்தூரில் 1948-இல் இருந்து ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கு. உலகத்தில் வேற இடங்களில் விஞ்ஞானிகள் புகையிலையைச் சோதனைச் செடியா வச்சுக்கிட்டாங்க. நோய் தாக்கின புகையிலை இலை புதுசா தயாரிக்கிற புரதங்களில் சிலது கைட்டினேஸ்தான்னு 1980-களில் தெரிஞ்சது. 1991-இல் பீன்ஸ் செடியோட கைட்டினேஸ் ஜீனைப் புகையிலையில் வச்சாங்க. ரைசாக்டோனியாங்கிற மண் பூஞ்சை நிறைஞ்ச மண்ணில் அந்த நாற்றுகள் மத்ததைவிட நல்லா பிழைச்சது. 'சயன்ஸ்' இதழில் வந்த கட்டுரை அது.

அதே ரைசாக்டோனியாதான் நெல்லில் இலையுறை கருகல் நோயைக் கொண்டு வருது. திண்டுக்கல்லில் இருந்து ஒன்றரை மணி நேரம் போனா மதுரை. அங்க காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலுத்தம்பியின் குழு, கைட்டினேஸ் ஜீன் வச்ச நெல்லை உருவாக்கி இந்த நோய்க்கு எதிரா சோதிச்சாங்க. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்திலும் இந்த வேலை நடந்தது. சோதனைக்கூடத்தில் நோய் குறைஞ்சது. ஆனா அந்த நெல் எதுவும் விவசாயி கைக்கு இன்னும் வரல.

ஒரு ஜீன் வச்சா பிரச்சினை தீர்ந்துடும்னு நினைச்சுடாதீங்க. பூஞ்சையும் சும்மா இருக்காது. தக்காளியை வாட வைக்கிற ஃபியூசேரியம்னு ஒண்ணு இருக்கு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி கொண்டு வர்றவங்களுக்கு வாடல் நோயைப் பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. அந்த ஃபியூசேரியம் ரெண்டு நொதிகளைச் சேர்த்து அனுப்பி, தக்காளியோட கைட்டினேஸையே வெட்டிடுதுன்னு 2015-இல் காட்டினாங்க. கத்தரியை வெட்டுற கத்தரி! மாமா வெங்காயத்தில் இருந்ததும் இதே ஃபியூசேரியம் குடும்பம்தான்.

செடிகள் கைட்டினேஸை ஆயுதமா மட்டும் வச்சிருக்கல. வாழைக்காய் பிஞ்சா இருக்கும்போது அதில் இந்தக் குடும்பத்துப் புரதம் ஏராளமா இருக்கும். பழுக்கப் பழுக்கக் குறையும். நைட்ரஜனைச் சேர்த்து வைக்கிற டப்பா மாதிரி வாழை அதைப் பயன்படுத்துதுன்னு ஒரு கருத்து. புளியங்கொட்டையிலும் இதே கதை. நத்தம் புளிச் சந்தையில் கொட்டையைத் தட்டிப் போடுறாங்களே, அந்தக் கொட்டையோட முக்கியமான சேமிப்புப் புரதம் கைட்டினேஸ் குடும்பத்தைச் சேர்ந்ததுன்னு 2008-இல் வந்த ஒரு ஆய்வு சொல்லுது.

இதில் உங்களுக்கு நேரடியா பயன்படுற ஒரு தகவல் இருக்கு. ரப்பர் கையுறை போட்டா அரிப்பு வர்ற சிலருக்கு, வாழைப்பழமோ அவகேடோவோ சாப்பிட்டா வாயில் அரிப்பு, வீக்கம் வரும். ரப்பர் பாலில் கைட்டினைப் பிடிக்கிற ஒரு சின்னப் புரதம் இருக்கு. சில பழங்களோட கைட்டினேஸுக்குத் தலைப்பக்கம் கிட்டத்தட்ட அதே வடிவம். நம்ம உடம்பு ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு ஏமாந்துடுது. சிறுமலைப் பழத்தைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். ஆனா உங்களுக்கு இப்படி நடந்திருந்தா டாக்டர்கிட்ட ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்க.

மூணாவது, வயிறு.

மழை பெய்ஞ்ச மறுநாள் ஈசல் பிடிச்சு, அரிசியோட சேர்த்து வறுத்துத் தின்னவங்க நம்ம நிகழ்ச்சி கேட்கிறவங்களில் எத்தனை பேர்? எங்க அம்மாச்சி வீட்டில் நான் தின்னிருக்கேன். மனுஷனால கைட்டினைச் செரிக்கவே முடியாதுன்னுதான் ரொம்ப நாள் பாடம் நடத்தினாங்க. 2001-இல் அமிலத்தில் வேலை செய்யுற ஒரு கைட்டினேஸைப் பாலூட்டிகளில் கண்டுபிடிச்சாங்க. பின்னாடி மனுஷனோட இரைப்பைச் சாறிலும் கைட்டினை உடைக்கிற சக்தி இருக்குன்னு பார்த்தாங்க. எல்லார்கிட்டயும் ஒரே அளவில் இல்ல, அவ்வளவுதான். கறையானைக் கொத்தித் தின்னுற நாட்டுக்கோழிக்கு இது தாராளமா இருக்கு.

2018-இல் பாலூட்டிகளோட ஜீன்களை ஒப்பிட்டு ஒரு பெரிய ஆய்வு வந்தது. நம்ம ஆதி முன்னோர், அதாவது டைனோசர் காலத்தில் வாழ்ந்த சின்னப் பாலூட்டிகளுக்கு, இந்த வயிற்றுக் கைட்டினேஸ் ஜீன் குறைஞ்சது அஞ்சு இருந்திருக்கணும்னு கணக்குப் போட்டாங்க. பூச்சியே அவங்களுக்கு அன்றாடச் சாப்பாடு. டைனோசர் போனதும் இலை, பழம், மாமிசம்னு ஆளாளுக்கு வேற சாப்பாட்டுக்குப் போனாங்க. ஜீன்கள் ஒண்ணொண்ணா பழுதாச்சு. மனுஷனுக்கு இப்போ வேலை செய்யுறது ஒண்ணுதான். மத்தது உடைஞ்ச துண்டுகளா நம்ம டி.என்.ஏ-வில் இன்னும் கிடக்கு. குரங்கினத்திலேயும் சின்ன உடம்பு வச்சுப் பூச்சி பிடிச்சுத் தின்னுற வகைகள்கிட்டதான் இந்த ஜீன் அதிகமா மிஞ்சியிருக்கு.

அந்த மாதிரி வாழ்க்கை வாழுற ஒரு ஆள் எங்க மாவட்டத்தில் இருக்கு. தேவாங்கு. அய்யலூர், நத்தம் பக்கத்துக் காடுகளில் ராத்திரி வெளியே வந்து பூச்சி தேடுற, பெரிய கண்ணு வச்ச சின்ன உயிர். 2022-இல் தமிழ்நாடு அரசு திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமா அறிவிச்சது. தேவாங்குக்குன்னு இந்தியாவில் வந்த முதல் சரணாலயம் அது. அந்தக் காட்டை ஒட்டின தோட்டங்களிலும் தேவாங்கு பூச்சி பிடிக்குது. பூச்சி மருந்து அடிச்சுப் பூச்சியே இல்லேன்னா, அது வயித்தில் எவ்வளவு நல்ல கத்தரி இருந்தும் என்ன புண்ணியம்?

நாலாவது ஆள் திருடன். மலேரியா கிருமி.

நான் சின்ன வயசில் டவுனில் இருந்தப்போ, தண்ணி எப்போ வரும்னு தெரியாது. வீடு முழுக்கக் குடம், டிரம், தொட்டி. மேல மூடாத தொட்டி இருந்தா அங்கே ஒரு கொசு முட்டை வைக்கும், பேர் அனாபிலிஸ் ஸ்டெஃபன்சி. நகரத்து மலேரியாவைப் பரப்புறது அதுதான். கொசு ரத்தம் குடிச்சதும், அதோட குடலுக்குள்ள அந்த ரத்தத்தைச் சுத்தி ஒரு மெல்லிய உறை உருவாகும். அதில் கைட்டின் இருக்கு. ரத்தத்தோட உள்ளே போன மலேரியா கிருமி இந்த உறையைத் தாண்டி குடல் சுவருக்குப் போயாகணும். இல்லேன்னா ரத்தத்தோட சேர்ந்து அதுவும் செரிச்சுப் போயிடும். ஏறக்குறைய ஒரு நாள்தான் அவகாசம். அதுக்காகக் கிருமி தன்கிட்ட சொந்தமா ஒரு கைட்டினேஸ் வச்சிருக்கு.

1993-இல் ஒரு சோதனை. கொசு குடிக்கிற ரத்தத்தில், கைட்டினேஸைத் தடுக்கிற அலோசாமிடின்னு ஒரு பொருளைக் கலந்தாங்க. கிருமியால உறையைத் தாண்ட முடியல. கொசு மூலமா பரவுறது அங்கேயே நின்னது. இது இன்னும் மருந்தா வரல. ஆனா பூட்டை உடைக்கிறவன் எந்த இடத்தில் கத்தரியை எடுக்கிறான்னு தெரிஞ்சா எங்க நின்னு தடுக்கலாம்னு தெரியும். அதுவரைக்கும் தொட்டியை மூடி வைங்க.

அஞ்சாவது, நம்ம ரத்தம். நம்ம உடம்பில் பூட்டே இல்ல, கைட்டின் இல்ல. ஆனா நம்ம வெள்ளை அணுக்களில் சில வகை கைட்டினேஸ் வச்சிருக்கு. 1994-இல் நெதர்லாந்தில், கோஷேங்கிற அரிய பரம்பரை நோய் உள்ளவங்க ரத்தத்தில் இது சாதாரண அளவைவிட நூற்றுக்கணக்கான மடங்கு ஏறியிருக்கிறதைப் பார்த்தாங்க. அந்த நோய்க்கு மருந்து வேலை செய்யுதான்னு பார்க்க இன்னைக்கும் இதை அளக்கிறாங்க. சிலருக்குப் பிறவியிலேயே இந்த நொதி இருக்காது. அவங்க நல்லாதான் இருக்காங்க. தென்னிந்தியாவில் 2001-இல் வந்த ஒரு ஆய்வு, இந்த நொதி இல்லாதவங்களுக்கு யானைக்கால் நோய்ப் புழு தொற்றுறதுக்கு வாய்ப்பு அதிகமோன்னு ஒரு தொடர்பைக் காட்டினது. அந்தப் புழுவோட குஞ்சு உறையில் கைட்டின் இருக்கு, அதனால யோசனை நியாயம்தான். ஆனா ஒரு ஆய்வை வச்சு முடிவு கட்டக் கூடாது.

இப்ப மாமா தோட்டத்துக்கு வருவோம்.

டிரைக்கோடெர்மா மத்த பூஞ்சைகளைப் பிடிச்சுத் தின்னும்னு 1932-இல் ரிச்சர்ட் வைண்ட்லிங் எழுதினார். அது எதிரிப் பூஞ்சையோட இழை மேல கொடி மாதிரி சுத்திக்கும். கைட்டினேஸையும், இன்னும் சில நொதிகளையும் சுரந்து சுவரில் ஓட்டை போட்டு உள்ளே இருக்கிறதை உறிஞ்சும். அதோட நிக்காது. வேரைச் சுத்தி இடத்தைப் பிடிச்சுக்கிட்டு மத்தவங்களுக்குச் சாப்பாடு கிடைக்காம பண்ணும். இதெல்லாம் உண்மை. மாமா வாங்கின பாக்கெட் ஏமாத்து வேலைன்னு நான் சொல்ல மாட்டேன்.

மறுவாரம் ஊருக்குப் போனப்போ மாமாகூட வரப்பில் உட்கார்ந்து ஒவ்வொண்ணா கேட்டேன்.

"எப்ப போட்டீங்க மாமா?"

"அழுக ஆரம்பிச்ச பிறகுதான். அதுக்கு முன்னாடி எதுக்கு மாப்ள போடணும்?"

"வேற ஏதாவது மருந்து ஊத்துனீங்களா?"

"முதல்ல கார்பன்டாசிம் ஊத்தினேன். கேக்கல. ரெண்டு நாள் கழிச்சு இதப் போட்டேன்."

"பாக்கெட்ட எங்க வச்சிருந்தீங்க?"

மோட்டார் ரூமைக் காட்டினார். தகரக் கூரை.

எனக்கு அதுக்கு மேல கேட்க மனசு வரல. கார்பன்டாசிம் பூஞ்சையைக் கொல்ற மருந்து. அதுக்கு நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சைன்னு தெரியாது. டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதானே? மருந்து காயாத மண்ணில் அதைப் போட்டார். மோட்டார் ரூம் சூட்டிலேயே பாதி செத்திருக்கும். மிச்சம் உயிரோட போனதும், வேர் முழுக்க ஃபியூசேரியம் குடியேறின பிறகு போயிருக்கு.

வேளாண் பல்கலைக்கழகம் சொல்ற முறை வேற. விதைக்குக் கிலோவுக்கு 4 கிராம் கணக்கில் விதைக்கும் முன்னாடியே நேர்த்தி பண்ணணும். மண்ணுக்கு ஹெக்டேருக்கு 2.5 கிலோ, 50 கிலோ தொழுவுரத்தில் கலந்து போடணும். நம்ம கணக்கில் ஏக்கருக்கு ஒரு கிலோ, இருபது கிலோ தொழுவுரம். தொழுவுரம்தான் அதுக்குச் சாப்பாடு. ஈரம் வேணும், ஆனா தண்ணி தேங்கக் கூடாது. ரசாயனப் பூஞ்சைக்கொல்லியோட கலக்கக் கூடாது. பாக்கெட்டில் தேதி பார்க்கணும், நிழலில் வைக்கணும். மாடித் தொட்டியில் போடுறவங்களுக்கும் இதேதான். செடி வாடின பிறகு போட்டுட்டு "இதெல்லாம் சும்மா"ன்னு ஒத்தை ஸ்டார் ரிவ்யூ எழுதாதீங்க.

நான் சொல்லி முடிச்சதும் மாமா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டார்: "இதக் குடுக்கும்போதே ஒருத்தன் சொல்லியிருக்கலாம்ல மாப்ள?"

இதுக்கும் என்கிட்ட பதில் இல்ல. இவ்வளவு நேரம் வண்டு, வாழை, கொசுன்னு சொன்னேனே, எல்லா இடத்திலும் கத்தரியை எப்போ எடுக்கணும்னு அந்த உயிருக்குள்ளேயே எழுதியிருக்கு. வண்டுக்குப் புதுச் சட்டைக்குக் காவல் போட்ட பிறகுதான் எடுக்கணும்னு தெரியும். செடிக்குப் பூஞ்சைத் துண்டு பட்டதும் தெரியும். கொசுவுக்குள்ள இருக்கிற கிருமிக்கும் தெரியும். நாம அந்தக் கத்தரியை மட்டும் பாக்கெட்டில் அடைச்சு விக்கிறோம். எப்போங்கிறது பின்பக்கத்தில், மாமா கண்ணுக்குத் தெரியாத சைஸில் அச்சடிச்சிருக்கு.

அந்த வெங்காயத்தில் தேறினதை ஒட்டன்சத்திரம் கொண்டு போனார். வளையல் அந்தப் போகத்தில் திரும்பல. அடுத்து அந்த நிலத்தில் மக்காச்சோளம் போட்டார். சித்திரையில் வேற துண்டில் வெங்காயம் நட்டப்போ, நடுறதுக்கு முன்னாடியே விதை நேர்த்தி பண்ணினார். தொழுவுரத்தில் கலந்து, ஈரச்சாக்கு மூடி நிழலில் வச்சு, அப்புறம் மண்ணில் போட்டார். வாய்க்காலைச் சரி பண்ணித் தண்ணி வடிய விட்டார். அழுகல் அங்கங்கதான் வந்தது.

இது டிரைக்கோடெர்மாவோட வெற்றின்னு சொல்ல எனக்கு ஆசைதான். ஆனா அது வெயில் காலம், தண்ணி தேங்காத காலம், வேற நிலம். உண்மையான பரீட்சை வர்ற ஐப்பசி மழையில்தான். மாமாவும் அதையேதான் சொல்றார். இப்பவே ஒரு பாக்கெட் வாங்கியாச்சான்னு கேட்டேன். "இல்ல மாப்ள, நடுறதுக்கு முந்தின வாரம் வாங்கிக்கிறேன். தேதி பார்த்து"ன்னார்.

மழை முடிஞ்சதும் என்ன ஆச்சுன்னு இதே நிகழ்ச்சியில் சொல்றேன். நல்லா வந்தாலும் சொல்வேன், வரலேன்னாலும் சொல்வேன். உங்க வீட்டில் யாராவது விவசாயம் பண்ணினா இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. பாக்கெட்டோட பின்பக்கத்தையும் படிச்சுக் காட்டுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.